நாயாற்று மணல்மேட்டில நிண்ட வெள்ளி இலையான்: குடும்பம் கண்டுபிடிச்ச விதம்

முதல்ல முடிவைச் சொல்லிப்போட்டு வாறன். முல்லைத்தீவுக் கரையில நாயாற்றுக்கும் கொக்குத்தொடுவாய்க்கும் இடையில உள்ள மணல்மேட்டில நான் கண்ட வெள்ளி நிற இலையான் தெரெவிடே குடும்பத்தைச் சேந்தது, இங்கிலீசில ஸ்ரிலெட்டோ ஃபிளை எண்டுவினம், அதிலயும் ஆண். இனம் இன்னதெண்டு சொல்ற அளவுக்கு என்னட்ட ஆதாரம் இல்லை, ஆனா குடும்பம் வரைக்கும் சந்தேகம் இல்லை. என்னத்தைப் பாத்து எதைக் கழிச்சு அந்த இடத்துக்கு வந்தனான் எண்டதைத்தான் எழுதப்போறன், ஏனெண்டா எங்கட பக்கத்துக் கரையில பறவை பாக்க ஆக்கள் வருகினம், ஆமை முட்டை தேடவும் வருகினம், இலையானைக் குனிஞ்சு பாக்கிற ஆள் சரியான குறைவு, அந்த மணலுக்குள்ள நடக்கிற சீவியத்தில பெரும் பங்கு இந்தப் பூச்சியளின்ரதாயிருந்தும் கூட.

மாரி முடிஞ்சு மாசி பங்குனியில போனா அடம்பன் கொடி பூத்து மேடெல்லாம் ஊதாவா இருக்கும், கடல்பக்கம் ராவணன் மீசைப் புல்லு, பின்னால சவுக்கு, இடையிடை எருக்கலை. கொக்குளாய்ப் பக்கம் போகப்போக மணலில இல்மனைட் எண்ட கறுப்புத் தாது கலந்து கறுப்பு வரி வரியா ஓடும். இந்த இலையானை நான் கண்டதே அந்தக் கறுப்பு வரியாலதான். வெள்ளை மணலில இருந்தா பக்கத்தில நிண்டாலும் தெரியாது, கறுப்பு மணலில வந்து இருந்தவுடன சின்ன வெளிச்சம் ஒண்டு பளிச்செண்டு தெரிஞ்சுது, ரெண்டடி நகர்ந்து வேற பக்கத்தால பாத்தா அதே பூச்சி மங்கல் சாம்பலா நிக்குது. உடம்பில இருக்கிற மெல்லிய வெள்ளி மயிர்ப்படை வெயில் விழுற கோணத்துக்கு ஏத்தமாதிரித்தான் மின்னும். நீளம் பத்து மில்லிமீற்றருக்குக் கிட்ட, வயிறு பின்னுக்குப் போகப்போக ஒடுங்கி முனை கூரா முடியுது, கால் மெல்லிசு, கண் ரெண்டும் தலையின்ர மேல்பக்கத்தை முழுசாப் பிடிச்சிருந்துது. ஒரு ஆள் நீளத்துக்கு மேல பறக்காது, எழும்பி உடன இருந்திடும், இருந்த இடத்தில உடம்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், மணல் அவ்வளவு சூடு. பத்து மணிக்குப் பிறகு அந்த மேற்பரப்பு 50 பாகை செல்சியசைத் தாண்டும், செருப்பில்லாம நிக்கேலாது.

அங்க வாடி அடிச்சிருக்கிற சம்மாட்டி மாமா ஒருத்தர் நான் மணலில படுத்துக் கிடக்கிறதைக் கண்டு கிட்ட வந்து, "தம்பி, இலையான் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீர்? எங்கட கருவாட்டுப் பந்தலில வந்து பாரும், லெட்சக்கணக்கில நிக்குது" எண்டார். பிறகு அவரே குந்தியிருந்து பாத்துப்போட்டு, "இது இலையான் இல்லையப்பா, குளவி" எண்டார். அவர் சொன்னதிலயும் நியாயம் இருக்கு, உருவம் குளவிதான். அதால முதல் வேலை செட்டையை எண்ணுறது. குளவிக்கும் தேனீக்கும் நாலு செட்டை, இலையான் வகைக்கு ரெண்டுதான், பின் செட்டை இருக்கவேண்டிய இடத்தில குமிழ் முனையோட ரெண்டு சின்னத் தண்டு மட்டும் இருக்கும், பறக்கேக்க சமநிலை பிடிக்கிறது அதுதான். ஃபோனில பெருசாக்கிக் காட்டினன், அந்தக் குமிழ் வெள்ளையா வடிவாத் தெரிஞ்சுது, மாமாவும் "ஓம், அப்ப இலையான்தான்" எண்டு ஒத்துக்கொண்டார்.

பேந்துதான் கஷ்டமான பகுதி. மேல இருந்து எடுத்த ஒரு படத்தை வச்சு இலையான் குடும்பம் சொல்றது ஏலாத காரியம். ஃபோன் ஆப் ஒண்டு படத்தைப் பாத்தவுடன ரொபர் ஃபிளை எண்டு சொல்லிச்சுது, அதாவது மற்றப் பூச்சியளைப் பறந்து பிடிச்சுக் குத்தி உறிஞ்சுற கொள்ளைக்கார இலையான், அசிலிடே குடும்பம். உலகத்தில 7000 இனத்துக்கு மேல இருக்கிற பெரிய குடும்பம் அது, மணல் மேட்டிலயும் தாராளமா நிக்கும், ஒடுங்கின உடம்பு, சாம்பல் நிறம், மணலில இருந்து எழும்பி உடன இருக்கிற பழக்கம் எல்லாம் ஒத்துப்போகுது. ஆனா உடம்பின்ர வடிவத்தை வச்சு முடிவெடுக்கிறதில எனக்கு நம்பிக்கை இல்லை, மணலில சீவிக்கிற பூச்சியளுக்கு ஒரே வெயில் ஒரே காத்து, அதால சொந்தம் இல்லாத குடும்பங்களும் ஒரே தோற்றத்துக்கு வந்திடும். தலை, முகம், செட்டை நரம்பு, பாதம், இந்த நாலையும் பாக்கோணும். அதுக்குப் பூச்சி அசையாம கொஞ்ச நேரம் நிக்கோணும்.

பிடிக்கிற விதம் இது. பழைய நுளம்பு வலையை வெட்டி கொட் ஹேங்கர் கம்பியில தைச்ச சின்ன வலை என்னட்ட இருக்கு, ஆனா மணலில வீசிப் பிடிச்சா வலைக்குள்ள மணலும் முள்ளும் வந்து பூச்சியின்ர செட்டை கிழியும். அதால வீசுறதில்லை, மெல்லக் கிட்டப் போய் மேல இருந்து வலையைப் போட்டு மூடுறது, மூடினவுடன வலையின்ர நுனியைக் கையால மேல தூக்கிப் பிடிச்சா இலையான் வெளிச்சத்தை நோக்கி ஏறி நுனிக்குப் போயிடும், அப்ப கீழால ஒரு யோகட் கப்பைக் குடுத்து மூடலாம். கிட்டப் போகேக்க வெயில் உங்கட முகத்தில படுற பக்கத்தால போகோணும், முதுகில பட்டா உங்கட நிழல் உங்களுக்கு முதல் போய்ச் சேரும், பூச்சி பறந்திடும். கெதியாப் போகவும் கூடாது, ஒரு அடி வைச்சு நிண்டு, திரும்ப ஒரு அடி.

ஐஸுக்கு வாடிக்குப் போனன், மாமா மீன் அடிக்கிற ரெஜிபோம் பெட்டிக்குள்ள இருந்து ஒரு கட்டி உடைச்சுத் தந்தார். கப்பை நேர ஐசில வைக்கக் கூடாது, உள்ள வேர்த்து ஒரு துளி தண்ணி செட்டையில ஒட்டினா அந்த வெள்ளி மயிர்ப்படை போயிடும், அது போனா படம் எடுத்துப் பிரயோசனம் இல்லை. கப்புக்கு அடியில ரிசுப் பேப்பர் மடிச்சு வைச்சு, கப்பை ஒரு துணியில சுத்தி ஐசுக்குப் பக்கத்தில அஞ்சாறு நிமிசம் விட்டாக் காணும், பூச்சி குளிருக்கு விறைச்சுப் படுத்திடும். வெளிய எடுத்தா அந்த வெக்கையில ஒரு நிமிசம் ஒண்டரை நிமிசம்தான் கிடைக்கும், பிறகு கால் அசைக்கத் தொடங்கும், அதால கமரா, வெளிச்சம், கிராஃப் தாள் எல்லாத்தையும் ரெடியா வைச்சுப்போட்டுத்தான் கப்பைத் திறக்கோணும். ஃபோனில கொழுவுற சின்ன மக்ரோ லென்ஸும் பத்து மடங்கு பெருசாக்கிற கைலென்ஸும்தான் என்ர சாமான். கிராஃப் தாளில வைச்சா நீளம் தானா வந்திடும். செட்டைக்கு மட்டும் வேற ஏற்பாடு, ஒரு கண்ணாடித் துண்டில பூச்சியைச் சரிச்சு வைச்சு, கீழ வெள்ளைத் தாளில வெயில் பட்டுத் தெறிக்க விட்டு எடுத்தா நரம்பெல்லாம் கோடு கீறினமாதிரி வரும். வேலை முடிஞ்சவுடன எடுத்த இடத்திலயே சவுக்கு நிழலில விட்டிடுவன், கொஞ்சத்தில சூடேறிப் பறந்திடும். கொண்டு ஊசியில குத்தி வைக்கிற வேலை நான் செய்யிறதில்லை, காட்டுப் பூச்சியளைச் சேகரிக்கிறதெண்டா முறையா அனுமதி எடுத்துத்தான் செய்யோணும்.

இனி படங்களில இருந்தது. தலையை மேல இருந்து பாத்தா ரொபர் ஃபிளைக்கு ரெண்டு கண்ணுக்கும் நடுவில ஆழமான பள்ளம் இருக்கும், முன்னுக்கிருந்து பாத்தா அந்தப் பள்ளம் இன்னும் வடிவாத் தெரியும், ஆணோ பெண்ணோ கண் ரெண்டும் விலகித்தான் இருக்கும். என்ர இலையானுக்குக் கண் ரெண்டும் நெத்திக்கு மேல ஒட்டினமாதிரி சேந்து நிக்குது, பள்ளத்துக்கு இடமே இல்லை. இது ஒண்டே அசிலிடேயைக் கழிக்கக் காணும், ஆனாலும் முகத்தையும் பாத்தன். ரொபர் ஃபிளைக்கு முகத்தில விறைச்ச மயிர்த் தாடி இருக்கும், பிடிச்ச இரை துள்ளேக்க கண்ணைக் காப்பாத்திறதுக்கு, வாயும் குத்துறதுக்கு ஏத்த கெட்டியான கூர். இதுக்குத் தாடி இல்லை, வாய் மெத்தெண்ட சதைப்பிடிப்பான நுனியோட இருக்கு, நக்கிக் குடிக்கிற வாய். அந்தப் பக்கத்தில நிண்டு பாத்த நேரமெல்லாம் அது ஒரு பூச்சியையும் பிடிச்சதில்லை, அலை ஏறி இறங்கின ஈர மணலிலயும் அடம்பன் பூவிலயும்தான் வாயை வைச்சுது.

பாதத்தைப் பாத்தன். மாட்டிலையான் குடும்பத்துக்கும் அதோட கிட்டின சொந்தங்களுக்கும் ரெண்டு நகத்துக்குக் கீழ மூண்டு மெத்தை இருக்கும். இதுக்கு ரெண்டு மெத்தை, நடுவில இருக்கிறது வெறும் மயிர். அப்ப மாட்டிலையான் வரிசையும் போச்சு.

மிச்சம் இருந்த பெரிய போட்டி பொம்பிலிடே, பீ ஃபிளை எண்டு சொல்ற தேனீ இலையான். அதுகளில சிலதுக்கும் வெள்ளி மயிர் இருக்கு, மணலிலயும் இருக்கும், ஆனா செட்டையை ரெண்டு பக்கமும் விரிச்சு வைச்சுக்கொண்டுதான் பெரும்பாலும் இருக்கும். இதைத் தீர்க்கிறது செட்டை நரம்பு. செட்டையின்ர நடுவில நீளமா ஒரு அடைச்ச கட்டம் இருக்கும், டிஸ்கல் செல் எண்டுறது, அதில இருந்து விளிம்புக்கு ஓடுற நரம்புகளுக்கு இடையில பின்விளிம்பில எத்தினை அறை இருக்கெண்டு எண்ணோணும். பீ ஃபிளைக்கு நாலு, இல்லாட்டி அதுக்கும் குறைய. என்ர படத்தில அஞ்சு. பிறகு செட்டை நுனியைப் பாத்தன், ஆர்4, ஆர்5 எண்ட ரெண்டு நரம்பும் கவராப் பிரிஞ்சு ஒண்டு நுனிக்கு மேலயும் மற்றது நுனிக்குக் கீழயும் போய் முடியுது, நுனி ரெண்டுக்கும் நடுவில. மைடிடே எண்டு ஒரு குடும்பம் இருக்கு, மணல் பிரதேசத்தில நிக்கிற பெரிய இலையான்கள், அதுகளுக்கு இந்த நரம்புகள் எல்லாம் முன்பக்கமா வளைஞ்சு செட்டை நுனிக்கு முதலே முடிஞ்சிடும், உணர்கொம்பும் நீளமா நுனி தடிச்சு இருக்கும். இங்க உணர்கொம்பு கட்டை, நுனியில ஒரு சின்னக் கூர். அப்ப மிஞ்சினது தெரெவிடேதான்.

இதை நான் ஆப்பை வைச்சு முடிக்கேல்ல. பிரித்தானிய இந்தியாவின்ர விலங்குகளைப் பற்றின வரிசையில புரூநெற்றி எழுதி 1920-இல வந்த இலையான் தொகுதி, இலங்கையும் பர்மாவும் சேந்தது, அது ஸ்கான் பண்ணி இலவசமாக் கிடக்குது. அதில பொம்பிலிடேயும் தெரெவிடேயும் மைடிடேயும் ஒரே புத்தகத்துக்குள்ள இருக்கிறதால ஒண்டை விட்டு ஒண்டுக்குப் போய்ப் பாக்கச் சுகம், நூறு வருசம் பழசெண்டாலும் குடும்பம் பிரிக்கிற அடையாளங்கள் இண்டைக்கும் பொருந்துது. பேரினப் பேர்தான் கனக்க மாறிப் போச்சு, அதால அதில இருக்கிற பேரை எடுத்து அப்பிடியே உங்கட படத்துக்குப் போடாதீங்கோ.

வெள்ளியா மின்னுறதெல்லாம் இதெண்டும் நினைக்கக் கூடாது. அதே மேட்டில பெம்பிக்ஸ் எண்ட மணல் குளவி கூட்டமா வளை தோண்டும், முன்னங்கால் மயிரால மணலை வயித்துக்குக் கீழால பின்னுக்கு எறியிற வேகம் ஒருக்காப் பாத்தா மறக்கேலாது. அது பிடிக்கிற இரையே இலையான்தான், தெரெவிடேயையும் பிடிக்கும், குஞ்சுக்கு ஒரேயடியாச் சேத்து வைக்காம வளர வளரப் புதுசு புதுசாக் கொண்டு வந்து குடுக்கும். இரையோட குளவி வளைக்குத் திரும்பேக்க, அதுக்குப் பின்னால ஒரு சாண் தூரத்தில அதே கோட்டில, அதே வளைவோட ஒரு சின்னச் சாம்பல் வெள்ளி இலையான் தொடர்ந்து வரும், குளவி நிண்டா அதுவும் அந்தரத்தில நிக்கும். மில்ரோகிரம்மினே எண்ட கூட்டம் அது, குளவி கொண்டு வாற இரையில தன்ர புழுவைப் போட்டிடும், அந்தப் புழு குளவிக் குஞ்சின்ர சாப்பாட்டைத் திண்டு வளரும். உடம்பில விறைச்ச முள்மயிர், உணர்கொம்பின்ர பக்கத்தில ஒரு நீள மயிர், செட்டை அடியில வெள்ளைச் செதில், அதால தெரெவிடேயோட குழம்பாது. இன்னொரு பக்கம் கறுப்புச் செட்டை பீ ஃபிளை ஒண்டு மணலில வயித்து நுனியை வைச்சு அரக்கிக்கொண்டு நிண்டுது. பெண் பீ ஃபிளையளுக்கு வயித்து நுனியில ஒரு சின்ன அறை இருக்கு, அதுக்குள்ள மணல் நிரப்பி, வெளிய வாற முட்டையில மணல் பூசி, பிறகு குளவி வளைக்கு மேல அந்தரத்தில நிண்டு வயித்தைச் சுண்டி முட்டையை எறியும். என்ர கண்ணால பாத்தது மணல் அள்ளினதை மட்டும்தான், எறிஞ்சதைப் பிடிக்கிற வேகம் ஃபோனுக்கு இல்லை.

தெரெவிடே எண்டு தெரிஞ்ச பிறகு தேடவேண்டிய இடமும் தெரிஞ்சு போச்சு, மணலுக்குள்ள. இந்தக் குடும்பத்துப் புழுக்கள் காய்ஞ்ச இளகின மண்ணுக்குள்ளதான் வளரும், வண்டுப் புழுக்களைத் தேடிப் பிடிச்சுத் தின்னும். அம்மாவின்ர மா அரிக்கிற அரிதட்டில ஒரு பழசைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், ராவணன் மீசைப் புல்லு அடியில காய்ஞ்ச மணல் முடிஞ்சு ஈரம் தொடங்கிற அந்த மட்டத்தை அரிச்சன். கன நேரம் வேரும் சிப்பித் துண்டும்தான், பேந்து அரிதட்டில வெள்ளையா, நூல் கணக்கில ஒண்டு, கை பட்டவுடன குட்டிப் பாம்பு போல சுழண்டடிச்சுக்கொண்டு ஓடிச்சுது. சின்னக் கறுப்புத் தலை, கால் இல்லை, உடம்பு வளையம் வளையமா இருவது மட்டில எண்ணலாம், உண்மையான வயித்துக் கண்டங்கள் ஒவ்வொண்டும் திரும்பப் பிரிஞ்சிருக்கிறதால அப்பிடித் தெரியும். இந்தப் புழு தெரெவிடேக்கும் அதோட சொந்தமான ஜன்னல் இலையான் குடும்பத்துக்கும் மட்டும்தான் இப்பிடி.

அதை ஹோர்லிக்ஸ் போத்தலில அதே மேட்டு மணலோட வளத்தன். ரெண்டு புழு எடுத்தா ரெண்டு போத்தல், ஒண்டை ஒண்டு தின்னும். மூடியில ஊசியால துளை, அடி மணல் லேசான ஈரம், மேல் மணல் காய்ஞ்சது. சாப்பாட்டுக்குப் பழைய கோதுமை மாவில வாற வண்டுப் புழுவை இடைக்கிடை போட்டன், போட்டவுடன வெளிய வந்து பிடிக்காது, அடுத்த நாள் பாத்தா வெறும் தோல் கிடக்கும். கூடுகட்டாம மணலுக்குள்ளயே கூட்டுப்புழுவாகி, ஒரு காலமை போத்தலுக்குள்ள இலையான் நிண்டுது, மணலில கூட்டுப்புழுத் தோல் பாதி வெளிய நீட்டிக்கொண்டு இருந்துது. வெள்ளி இல்லை, மண்ணிறமும் சாம்பலும், கண் ரெண்டுக்கும் நடுவில அகலமான இடைவெளி. பெண். வயித்து நுனியில வட்டமாக் கட்டை முள்ளு, மணலைக் கிண்டி முட்டை விடுறதுக்கு. அதையும் குளிர வைச்சு அதே கோணங்களில எடுத்தன், அஞ்சு அறை, நுனிக்கு ரெண்டு பக்கமும் கவர் நரம்பு, உணர்கொம்பின்ர நீள அளவு எல்லாம் ஆணோட ஒத்து வருது.

ஆனா இது அந்த வெள்ளி ஆணின்ர சோடிதானெண்டு சொல்ல அது காணாது, ஒரே மேட்டில ரெண்டு தெரெவிடே இனம் இருக்கிறது ஒண்டும் அதிசயம் இல்லை. உலகத்தில ஆயிரத்துக்கு மேல இனம் இருக்கிற குடும்பம், இனம் பிரிக்கிறது ஆணின்ர இனப்பெருக்க உறுப்பை எடுத்து நுணுக்குக்காட்டியில பாத்துத்தான். எங்கட பகுதியில இந்த வேலை ஒருக்காலும் நடக்காமலும் இல்லை, 1960, 70-களில அமெரிக்காவின்ர ஸ்மித்சோனியன் நிறுவனம் இலங்கைப் பூச்சியளைச் சேகரிச்சது, அங்கத்தைக் குளவி ஆய்வாளர் கார்ல் குரோம்பைன் மன்னார் கொண்டச்சி வரைக்கும் வந்து குளவி பிடிச்சவர், அவரும் வான் டெர் வெக்ற்றும் சேந்து 1987-இல இலங்கை, தென்னிந்திய பெம்பிக்ஸ் குளவியளைப் பற்றின முழு ஆய்வை வெளியிட்டவை. அதை வாசிச்சா குளவியை இனம் வரைக்கும் கொண்டு போகலாம். 1987-இல முல்லைத்தீவுக் கரைக்கு ஆரும் வலை கொண்டு வந்து பூச்சி பிடிக்கிற நிலைமை இருக்கேல்ல, 2009 வரைக்கும் அப்பிடித்தான். அந்த இடைவெளியை ஊரில இருக்கிற நாங்கள்தான் நிரப்போணும் எண்டு நான் நினைக்கிறன், எங்களுக்குத்தான் எந்த மாதம் எந்த மேட்டில அடம்பன் பூக்கும் எண்டு தெரியும்.

போறாக்கள் ரெண்டு விசயம் கவனியுங்கோ. மிதிவெடி போர்ட் இருக்கிற பக்கம், போர்ட் விழுந்து கிடந்தாலும், கால் வைக்காதீங்கோ, மீன்பிடி ஆக்கள் நடக்கிற தடத்தில மட்டும் நடவுங்கோ, கேட்டாச் சொல்லித் தருவினம். மற்றது, மணல் அள்ளின இடத்தில தேடிப் பிரயோசனம் இல்லை. ரிப்பர் வந்து அள்ளின ஒரு பள்ளத்தில நான் அரிச்சுப் பாத்தன், அடி மணல் ஈரமா இறுகிக் கிடக்குது, புல்லு வேர் இல்லை, வண்டுப் புழு இல்லை, அப்ப அதைத் தின்னிற புழுவும் இல்லை. அரிச்ச மணலையும் எடுத்த குழிக்குள்ளயே திருப்பிப் போட்டு, புல்லு வேரை மூடிவிட்டுப்போட்டு வாங்கோ.

இப்ப எனக்குத் தேவை வெள்ளி ஆணும் மண்ணிறப் பெண்ணும் சோடியா நிக்கிற ஒரு படம். வெயில் ஏறமுதல், எட்டு மணி ஒம்பது மணிக்கு, ஈர மணல் ஓரத்தில நிக்கிற வாய்ப்புக் கூட. கண்டா வலையைப் போடாம முதல்ல பக்கத்தால ஒரு படம், பிறகு தலைக்கு மேலால ஒண்டு, செட்டை நுனி ரெண்டும் தெரியிறமாதிரி எடுத்து வையுங்கோ, இடமும் திகதியும் எழுதிப்போட்டு.